நான்காவது நாற்காலி

சீன மொழிபெயர்ப்புப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என் பணிக்காலத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். பேசுவதைவிட எழுதித் தருவது எனக்கு இப்போது எளிது. இந்தக் கோடையில் என் மனைவி காலமானாள். ஆஸ்டின் டவுன் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கே வந்துவிடும்படி என் மகன் வற்புறுத்துகிறான். உங்களுக்கு எழுத வேண்டியதை எழுதி முடித்தபின் அவனுக்குப் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் ஒரே விஷயம் என்பது எழுதத் தொடங்கியபோது எனக்கே தெரியாது.

சீன எழுத்துகளைப் பற்றியோ, அவற்றின் ஓசையில் உள்ள ஏற்ற இறக்கங்களைப் பற்றியோ நான் எழுதப்போவதில்லை. அவற்றுக்கு நூல்கள் இருக்கின்றன. உங்களுக்கு இளமை இருக்கிறது. நான் எழுத விரும்புவது அம்மொழியில் சொற்கள் உட்காரும் வரிசையைப் பற்றி. முதல் வாரத்திலேயே படித்துவிட்டு, மிக எளிது என்று நீங்கள் கடந்துபோயிருக்கும் பாடம் அது. அந்தப் பாடத்தின் முன்னால் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றுவரை அடங்கவில்லை.

வெள்ளையர் ஆண்ட போர்க்காலத்தில், நம் நகரின் ஓரத்தில் இருந்த விமானப் பழுதுபார்ப்புத் தொழிற்கூடம் ஒன்றுக்கு, எஞ்சின் வேலை கற்றுக்கொள்ளச் சில சீன மெக்கானிக்குகள் வந்திருந்தார்கள். அவர்களோடு பேச அங்கே எவருக்கும் மொழியில்லை. கல்லூரியில் தர்க்கமும் ஆங்கில இலக்கணமும் கற்பித்துக்கொண்டிருந்த என்னை, சீனம் கற்று மொழிபெயர்ப்பாளராகும்படி அமர்த்தினார்கள். ஏற்கெனவே நான்கு மொழிகள் அறிந்தவன் என்ற செருக்கு எனக்கு இருந்தது. ஐந்தாவது மொழியை ஒரு விடுமுறைக்குள் முடித்துவிடலாம் என்று எண்ணினேன்.

எங்களுக்குக் கற்பிக்க வந்தவர், கன்டோன்மென்ட் பகுதியில் பல் வைத்தியம் பார்த்துவந்த சீனர் ஒருவரின் மனைவி. திருமணத்துக்கு முன் தம் ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். என்னைவிடப் பல ஆண்டுகள் இளையவர். கடைத்தெருவிலேயே தமிழ் பேசக் கற்றிருந்தார். யாருக்கும் குறையாமல் பேரம் பேசுவார். நாங்கள் அவரை டீச்சர் என்று மட்டுமே அழைத்தோம். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். தொழிற்கூடத்தின் உணவறையை ஒட்டியிருந்த ஒரு கொட்டகையில் மாலை ஷிப்ட் மாறும் நேரத்தில் வகுப்பு நடக்கும். வந்த முதல் நாள் அவர் கேட்டது கரும்பலகை அல்ல, நாற்காலிகள்.

"அஞ்சு நாற்காலி இருக்கு. நாலு ஆள்தான் இருக்கு. சார், நாளைக்கு இன்னொரு ஆள் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அந்த நால்வர்: நான், துரைராஜ் என்ற ஃபோர்மன், மருந்தகத்து நர்ஸ், ஸ்டோர் கீப்பர். ஐந்தாவது ஆளுக்கு நான் எங்கே போவேன்? வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன்.

"ஏங்க, இவ்வளவு பெரிய ஊர்ல ஆளே கிடைக்கலையா? காய்காரிகிட்ட கன்னடம் பேசறதுக்கே எனக்கு நாக்கு சுளுக்குது."

"பேச வேண்டாம். உட்கார்ந்தால் போதும் என்கிறார்."

"உட்கார்றதுக்குச் சம்பளம் உண்டா?"

"இல்லை."

"அப்ப நம்ம வீட்டுலயே உட்கார்ந்துக்கறேன்."

மறுநாள் நான் ஜட்கா வண்டியில் ஏறியபோது எனக்கு முன்பே அவள் அதில் உட்கார்ந்திருந்தாள்.

டீச்சரின் முறை இதுதான். ஐந்து நாற்காலிகளும் ஒரே வரிசையில் இருக்கும். முதலாவது, யார். இரண்டாவது, எப்போது. மூன்றாவது, எங்கே. நான்காவது, செயல். ஐந்தாவது, எதை. துரைராஜ் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். நர்ஸ் இரண்டாவதில், என் மனைவி மூன்றாவதில், நான் நான்காவதில், ஸ்டோர் கீப்பர் கடைசியில். ஆளுக்கொரு சொல்லைத் தந்து வரிசையாகச் சொல்லச் சொன்னார். வோ என்றார் துரைராஜ்: நான். நேற்று என்பதற்கான சொல்லை நர்ஸ் சொன்னார். சந்தையில் என்றாள் என் மனைவி. மாய், அதாவது வாங்கு, என்றேன் நான். யூ என்று ஸ்டோர் கீப்பர் முடித்தார்: மீன். நான் நேற்றுச் சந்தையில் மீன் வாங்கினேன் என்ற செய்தி அந்த வரிசையின்மேல் நடந்துபோயிற்று. முதல் இரண்டு நாற்காலிகள் மட்டும் தமக்குள் இடம் மாறிக்கொள்ளலாம். ஒருவர் போய்ச் சேரும் இடம் செயலுக்குப் பின்னால் வரும். இருந்து செய்யும் இடம் செயலுக்கு முன்னாலேயே உட்கார்ந்தாக வேண்டும்.

எனக்கு உடனே ஓர் ஐயம் வந்தது. வாங்கினேன் என்பதில் உள்ள காலம் எங்கே, தன்மை விகுதி எங்கே, மீனைக் காட்டும் ஐயுருபு எங்கே?

"தமிழ் வார்த்தைக்கு எல்லாம் வால் இருக்கு, சார்" என்றார் டீச்சர். "நீங்க வாலைப் பிடிச்சு ஆளைக் கண்டுபிடிக்கிறீங்க. எங்க வார்த்தைக்கு வால் கிடையாது. இடம்தான் இருக்கு."

"வால் இல்லாட்டி, பூனை எலியைத் தின்னுச்சா, எலி பூனையைத் தின்னுச்சான்னு எப்படி டீச்சர் தெரியும்?" என்று என் மனைவி கேட்டாள்.

"முன்னால உட்கார்ந்தது தின்னுச்சு."

"எங்க வீட்டுலயும் அதே வழக்கம்தான். முன்னால உட்கார்ந்தவருக்குத்தான் பெரிய துண்டு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, திகைத்திருந்தேன். அதுவரை நான் கற்ற மொழிகளில் ஒவ்வொரு சொல்லும் தன் அடையாளத்தைத் தானே சுமந்து வரும். எங்கே தூக்கிப் போட்டாலும் தான் யார் என்று சொல்லிவிடும். இங்கேயோ சொல் வெறுங்கையோடு வருகிறது. நேற்றைக்கும் நாளைக்கும் அதன் முகம் ஒன்றே. பக்கத்து நாற்காலியில் நேற்று உட்கார்ந்திருந்தால் அது நடந்து முடிந்தது. நாளை உட்கார்ந்திருந்தால் இனி நடப்பது. தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், தன் இருக்கையையும் அயலாரையும் மட்டுமே நம்பி ஒரு மொழி இத்தனை நூற்றாண்டுகள் நின்றிருக்கிறது.

டீச்சருக்கு இன்னொரு கண்டிப்பான வழக்கம் இருந்தது. ஒருவர் வராவிட்டால் அவருடைய நாற்காலியில் மற்றவர் உட்காரக் கூடாது. ஸ்டோர் கீப்பருக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள், துரைராஜ் தாராளமாக இரண்டு சொற்களையும் தாமே சொல்ல முன்வந்தார். டீச்சர் மறுத்துவிட்டார். வரிசை அந்த நாற்காலிக்கு வரும்போது நாங்கள் ஒரு மூச்சு நேரம் மௌனமாக இருக்க வேண்டும். பிறகுதான் வாக்கியம் முடிந்ததாகக் கொள்ளலாம்.

"காலி நாற்காலியும் பாடம்தான். அங்க ஆள் இல்லைன்னு தெரியணும். தெரியாத மாதிரி நீங்க உட்காரக் கூடாது" என்றார்.

இதைக் குழந்தைகளுக்கான விளையாட்டு என்று நான் மனத்துக்குள் எண்ணியதுண்டு. அந்த எண்ணம் அதிக நாள் நீடிக்கவில்லை.

வரிசை எதற்கு என்பதை எங்களுக்கு முதலில் காட்டிக்கொடுத்தவர் துரைராஜ். லியு என்ற சீன இளைஞன் அவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தான். ஒரு நாள் லியு விமானியின் இருக்கையில் இருக்க, துரைராஜ் விமானத்தின் முன்னால் சுழலும் விசிறிக்கு அருகில் நின்று, வகுப்பில் கற்ற சொற்களால் கட்டளையிட்டார். கிளப்பு, எஞ்சினை, நான் நகர்ந்த பிறகு: இதுதான் அவர் சொன்ன வரிசை. முதல் சொல் காதில் விழுந்ததும் லியு கிளப்பிவிட்டான். துரைராஜ் தரையில் குப்புற விழுந்து தப்பித்தார். அவருடைய தொப்பியைப் பிறகு வேலிக்கு அப்பால் கண்டெடுத்தார்கள்.

"இன்னா சார் இவன், பேசி முடிக்கறதுக்குள்ள கிளப்பிட்டான்? நான் நகர்ந்தப்பாலன்னு சொன்னேனா இல்லியா?" என்று என்னிடம் முறையிட்டார். லியுவோ வெளுத்துப்போய், விமானியின் இருக்கையை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

அன்று மாலை வகுப்பில் டீச்சர் கேட்டார்: "தமிழ்ல எப்படிச் சொல்வீங்க, துரைராஜ்?"

"நான் நகர்ந்தப்பால எஞ்சினைக் கிளப்புன்னு சொல்வேன்."

"அப்படியே நாற்காலி போட்டிருந்தா சரியா இருந்திருக்கும். எப்போதுன்றது முன்னால வந்திருக்கும்."

துரைராஜ் தலையைச் சொறிந்தார். "வெள்ளைக்காரன்கிட்டயே வேலை பார்த்து வேலை பார்த்து, வாய் அவன் வரிசைக்கே போவுது, டீச்சர்."

நண்பர்களே, பிறமொழியைப் பேசும்போது தாய்மொழிதான் நம்மை இடறும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நம் ஊரில் அது பாதி உண்மைதான். அலுவலகத்தில் பழகிய ஆங்கிலம் இன்னும் ஆழமாக இடறும். சீனத்தில் செயல் என்பது கையிலிருந்து விடப்படும் கல். அதைக் கட்டுப்படுத்த வேண்டியவை யாவும் அது கையை விடுமுன்பே சொல்லப்பட்டாக வேண்டும். லியு தவறு செய்யவில்லை. அவனுடைய மொழியில் அந்தக் கட்டளைக்கு நிபந்தனையே இல்லை.

அதற்குப் பின் துரைராஜுக்கும் லியுவுக்கும் இடையே ஒரு நட்பு உண்டாயிற்று. ஒருவர் மற்றவரைக் கிட்டத்தட்டக் கொன்றிருந்த காரணத்தால் வந்த நட்பு அது என்று என் மனைவி சொல்வாள்.

இனி, நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

மழை வரும்போலிருந்த ஒரு மாலை. ஐவரும் நாற்காலிகளில் இருந்தோம். கொட்டகையின் வாசலில் லியு வந்து நின்றான். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். கண்கள் எங்களைப் பார்க்கவில்லை. மிகத் தெளிவாக, பாடம் ஒப்பிப்பவனைப்போல், மெதுவாகச் சீனத்தில் சொன்னான்: "சென்… சற்றுமுன்… இடது இறக்கைத் தொட்டியில்…" அவ்வளவுதான். வாசலிலேயே விழுந்துவிட்டான்.

சென் என்பவன் லியுவின் அறைத்தோழன், மற்றொரு மெக்கானிக். வெளியே பழுதுக்காக நின்றிருந்த, நீரில் இறங்கும் பெரிய கடல் விமானத்தின் இறக்கைகளுக்குள், ஓர் ஆள் தவழ்ந்து நுழையக்கூடிய பெட்ரோல் தொட்டிகள் இருந்தன. அங்கே சென்னுக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது. என்ன என்பதுதான் வரவில்லை.

விழுந்த ஓசை கேட்டுப் பொறுப்பு அதிகாரி ஓடிவந்தார். அவர் ஆங்கிலேயர், கெட்டவர் அல்லர். லியு சொன்னதை அப்படியே அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அன்று காலையில்தான் விமானத்துக்கு அருகில் சிகரெட் பிடித்ததற்காக அந்தச் சென் என்பவனை அவர் எச்சரித்திருந்தார். ஆகவே அவர் மனத்தில் ஒரே ஒரு சொல்தான் எழுந்தது: தீ. தீ என்றால் அபாயச் சங்கு ஊத வேண்டும். எல்லோரும் வேலிக்கு அப்பால் போக வேண்டும். விமானத்தை எவரும் நெருங்கக் கூடாது. தீ இல்லையென்றால், அந்தச் சங்கு உள்ளே கிடப்பவனுக்குச் சாவு மணி.

"அவன் என்ன செய்தான் என்கிறான் இவன்? கொளுத்தினானா, விழுந்தானா? நீங்கள்தானே மொழிபெயர்ப்பாளர், சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மயங்கி விழுந்தான் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. அதுதான் நடந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அதைச் சொல்லியிருந்தால் எல்லோரும் உடனே தொட்டிக்கு ஓடியிருப்பார்கள். என் ஊகம் பொய்யாகி அங்கே தீப்பொறி இருந்திருந்தால், ஓடியவர்களை நானே அனுப்பியிருப்பேன். மொழிபெயர்ப்பாளனின் ஒரு சொல்லுக்கு அவ்வளவு கனம் இருக்கும் நேரம் வாழ்க்கையில் அடிக்கடி வருவதில்லை. வரும்போது அது எப்போதும் அவசரத்தோடுதான் வரும்.

டீச்சர் என்னைப் பார்த்தார். தாழ்ந்த குரலில், "சார், நாலாவது காலி" என்றார்.

நான் அதிகாரியிடம் சொன்னேன்: "யார், எப்போது, எங்கே என்ற மூன்றையும் ஐயமில்லாமல் சொன்னான். என்ன நடந்தது என்பதைச் சொல்லவில்லை."

"அப்படியானால் எனக்கு வாக்கியமே கிடைக்கவில்லை" என்றார் அவர். சங்கை ஊதச் சொல்லக் கை உயர்ந்தது.

என் மனைவி அதற்குள் தரையில் உட்கார்ந்து லியுவின் கழுத்துப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவன் சட்டையை முகர்ந்தாள். தலையைத் தூக்காமலேயே பேசினாள்.

"என்ன ஆச்சுன்னு தெரியலைன்னா போகட்டும். எங்கேன்னு தெரியுதில்ல? இவன் சட்டை பூரா பெட்ரோல் வாடை. புகை வாடை துளி இல்ல, கருகல் இல்ல. எங்கேன்னு தெரிஞ்ச பிறகு இங்க நின்னுகிட்டு நாம என்ன பண்றோம்னு அவரைக் கேளுங்க."

நான் அதை ஆங்கிலத்தில், ஒரு சொல்லையும் கூட்டாமல் சொன்னேன். அதிகாரி லியுவைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். உயர்ந்த கையைத் தாழ்த்தினார்.

"கயிறு, ஈரத்துணி, மணல் வாளி. இரண்டுக்கும் ஆயத்தமாகப் போங்கள்" என்றார்.

துரைராஜ் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தார். "எவனும் வெளக்கு எடுத்துனு வராதீங்க, ஷூவுல ஆணி இருந்தா கழட்டிப் போடுங்க, பொறி பறக்கும்" என்று அவர் கத்தியது எங்கள் காதில் விழுந்தது.

என்ன நேர்ந்தது என்று எவருக்கும் தெரியாததால், எவரும் கண்மூடிப் பாயவில்லை. நண்பனைத் தூக்க லியு கயிறில்லாமல் உள்ளே நுழைந்திருந்தான். பெட்ரோல் ஆவி அவனையும் வீழ்த்தப் பார்த்தது. துரைராஜ் மார்பில் கயிறு கட்டிக்கொண்டு, மூக்கில் ஈரத்துணியோடு, இடுப்புவரை மட்டும் தொட்டிக்குள் இறங்கி, கைக்கு எட்டிய ஒரு காலணியைப் பற்றினார். வெளியே நின்றவர்கள் இருவரையும் சேர்த்து இழுத்தார்கள். சென்னின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. புல்லின்மேல் கிடத்தி நர்ஸ் அவன் மார்பை அழுத்தி அழுத்தி விட்டார். மழை விழத் தொடங்கியது. யாரும் நகரவில்லை. பிறகு அவன் இருமினான்.

"இருமுறான் சார், இருமுறான்" என்று துரைராஜ் என்னிடம் மெல்லச் சொன்னார், நான் அதையும் யாருக்காவது மொழிபெயர்க்க வேண்டும் என்பதுபோல.

நான் கொட்டகைக்குத் திரும்பினேன். அங்கே என் மனைவியின் மடியில் லியுவின் தலை இருந்தது. டீச்சர் அவன் முகத்தில் நீர் தெளித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் கண்களைத் திறந்தான். எவரும் அவனை எதுவும் கேட்கவில்லை. எங்கே இருக்கிறோம் என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது. அவன் சொன்னது இரண்டே அசைகள்: "யுன் லே."

மயங்கிவிட்டான் என்று பொருள்.

அவன் புதிதாகப் பேசத் தொடங்கவில்லை. வாசலில் நின்று தொடங்கிய வாக்கியத்தை, நினைவு அறுந்த அதே இடத்திலிருந்து எடுத்து முடித்தான். இருட்டுக்குள் போய் வந்த மனிதனுக்காக அவன் மொழி அந்த ஒரு நாற்காலியை அப்படியே வைத்துக் காத்திருந்தது. நான் பல நூல்களைப் படித்திருக்கிறேன். பெரிய ஆலயங்களில் நின்றிருக்கிறேன். அந்தக் கொட்டகையில் நான் நின்றதுபோல் வேறெங்கும் நின்றதில்லை. டீச்சர் கண்களைத் துடைத்துக்கொண்டு, "இப்போ உட்காருங்க சார்" என்றார். நான் என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

திரும்பும் வழியில் ஜட்காவின் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. என் மனைவி கேட்டாள்: "அவர் அவ்வளவு தூரம் கேட்டாரே, ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஏன் சொல்லல?"

"அது லியுவின் நாற்காலி. அதில் நான் உட்காரக் கூடாது."

"நாலாவது உங்க நாற்காலிதானே? அதுல உட்கார்ந்துகிட்டே காலின்னு சொன்ன ஒரே ஆள் நீங்கதான்" என்றாள். அதன் பின் எங்கள் வீட்டில் நான் எதற்காவது முடிவு சொல்லத் தயங்கினால், நாலாவது காலியா என்று கேட்பது அவள் வழக்கமாயிற்று. திரைச்சீலையின் நிறத்துக்கும் கேட்பாள், மகனின் படிப்புக்கும் கேட்பாள்.

நீங்கள் பெரிய அறைகளில், பெரிய மனிதர்களுக்கு நடுவில் உட்காரப் போகிறீர்கள். பேசுபவர் பாதியில் நிறுத்துவார். கேட்பவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். இட்டு நிரப்பும் அறிவு உங்களுக்கு நிறைய இருக்கும். அந்த அறிவை அப்போது அடக்குங்கள். வந்தவை எவை, வராதது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். வந்தவற்றைக் கொண்டே நடக்க முடியும். நடந்து நான் பார்த்திருக்கிறேன்.

என் மனைவி கடைசியாக மருத்துவமனையில் இருந்தாள். பேச்சு மிகவும் குறைந்திருந்தது. ஒரு பிற்பகல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க… இனிமே… நம்ம வீட்டுல…" என்றாள். நான் காத்திருந்தேன். நர்ஸ் வந்து என் தோளைத் தொடும்வரை காத்திருந்தேன்.

தனியா இருக்காதீங்கன்னுதாம்பா அம்மா சொல்ல வந்திருப்பாங்க என்கிறான் என் மகன். ஜெபத்தை விட்டுடாதீங்கன்னு சொல்லியிருப்பாங்க, அண்ணா என்கிறார் பக்கத்து வீட்டு அம்மாள். இருவரும் அன்பினால் சொல்கிறார்கள். யார், எப்போது, எங்கே என்ற மூன்றையும் அவள் ஐயமில்லாமல் சொன்னாள். மற்றது வரவில்லை.

எங்கே என்பதை அவள் சொல்லிவிட்டாள்; வீட்டைப் பூட்டப்போவதில்லை என்று இன்று என் மகனுக்குச் சொல்லிவிடுவேன். நான்காவது நாற்காலியில் அவள் எந்தச் சொல்லை வைக்க இருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. வகுப்பில் அது யாருடைய நாற்காலி என்பதை அவள் மறந்திருக்க மாட்டாள்.